அனாமத்துக் கணக்கு

பி.காம். முடித்த கையோடு எட்டு மாதம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். எழுத்துப் பிழைப்புக்கு வருவதற்கு முந்தைய கதை. கால்குலேட்டரை நம்பாத சீனியர் ஒருவர், கிறீச்சிடும் மேஜை விசிறி, மூட்டை மூட்டையாக வவுச்சர்கள். முதல் பெரிய வேலை என்று ஒரு பாத்திரக் கடைக் கணக்கை என் தலையில் கட்டினார்கள்.

வருஷக் கடைசி. இருப்பாய்வு போட்டேன். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒன்றாக வரவேண்டும். வரவில்லை. பற்றில் 4,312 ரூபாய் அதிகம். மூன்று நாள் தேடினேன். மேலிருந்து கூட்டினேன், கீழேயிருந்து கூட்டினேன், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே லெட்ஜரை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ம்ஹூம். நாலாவது நாள் சீனியர் எட்டிப் பார்த்தார். 'அனாமத்துல போடு தம்பி' என்றார்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரியும். கணக்கு உதைக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்றால் வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கு என்று ஒன்று திறந்து அதில் போட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். போட்ட அடுத்த நிமிஷம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும்.

'தப்பில்லையா சார்?' என்று கேட்டேன்.

'போடறது தப்பில்ல. அடுத்த வருஷமும் அங்கேயே கிடந்தா, அதுதான் தப்பு.'

இந்தக் கதை இப்போது எதற்கு? ஆஃப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கா வெளியேறியதைப் பற்றி வந்த அறிக்கைகளையும் விசாரணைகளையும் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் ஞாபகத்துக்கு வந்தது அந்த 4,312 ரூபாய்தான்.

*

2021 ஆகஸ்ட் 15. காபூல் விழுந்தது. அதிபர் அஷ்ரஃப் கனி நாட்டை விட்டுப் பறந்தார். மறுநாள் காபூல் விமான நிலையத்தில் நடந்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஓடுபாதையில் நகரும் சி-17 விமானத்தோடு கூடவே ஓடும் கூட்டம். சக்கரத்துக்கு மேல் தொற்றிக்கொண்ட இளைஞர்கள். வானத்திலிருந்து புள்ளியாக விழுந்த உடல்கள். அதில் ஒரு பையன் கால்பந்து ஆட்டக்காரன். இன்னும் பதின்வயது தாண்டாதவன்.

ஆகஸ்ட் 26. விமான நிலையத்தின் அபே கேட் வாசலில் தற்கொலைக் குண்டு. 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆஃப்கானியர்களும் செத்துப்போனார்கள். கையில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி, 'நான் உங்களுக்கு வேலை பார்த்தவன்' என்று காட்டிக்கொண்டு நின்ற கூட்டம் அது.

ஆகஸ்ட் 29. பயங்கரவாதி என்று நினைத்து ஒரு வெள்ளைக் காரின் மேல் டிரோன் குண்டு போட்டது அமெரிக்கா. காரில் வெடிகுண்டு இல்லை. ஓட்டி வந்தவர் ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். வண்டியில் ஏற்றியவை தண்ணீர் கேன்கள். செத்தது 10 பேர். அதில் 7 பேர் குழந்தைகள்.

ஆகஸ்ட் 30. நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கடைசி விமானம் கிளம்பியது. மேஜர் ஜெனரல் கிறிஸ் டோனஹ்யூ அதில் ஏறும் படம், இருட்டில் எடுத்ததால் பச்சையாக, உலகம் பூராவும் வந்தது. இருபது வருஷப் போர் முடிந்தது.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் 1,20,000 பேருக்கு மேல் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அது சாதாரண வேலை இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இது கழிந்துவிடுமா?

கேள்வி சின்னதுதான். இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

*

அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன் தன் மேஜையில் ஒரு பலகை வைத்திருந்தார். பழியைக் கைமாற்றுவது இந்த மேஜையோடு நின்றுவிடும் என்று அர்த்தம் வரும் வாசகம். ஆட்டத்தில் சீட்டுப் போடும் முறையை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் பழக்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். 2021 ஆகஸ்ட் 16 அன்று ஜோ பைடன் நாட்டு மக்களிடம் பேசும்போது அதே வாசகத்தைத் தனக்குப் பொருத்திச் சொன்னார். அதிபர் நான், பொறுப்பு என்னோடு நிற்கிறது என்று.

கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் அதே உரையில் இன்னும் சிலவும் சொன்னார். ஆஃப்கான் தலைவர்கள் கைவிட்டு ஓடிவிட்டார்கள். ஆஃப்கான் ராணுவம் சரிந்துவிட்டது, சில சமயம் சண்டையே போடாமல். தாலிபானுடன் ஒப்பந்தம் போட்டது எனக்கு முந்தைய அதிபர். பொறுப்பு அவரோடு நின்றதுதான். ஆனால் நிற்பதற்கு முன் நாலு தெரு சுற்றிவிட்டு வந்தது.

சொன்னதில் பொய் இருக்கிறதா என்றால், இல்லை. அங்கேதான் சிக்கல்.

டிரம்ப் காலத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று, தோஹாவில் தாலிபானுடன் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. அதில் ஆஃப்கான் அரசு ஒரு தரப்பே இல்லை. வீட்டை விற்கும் பத்திரத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாத மாதிரி. 2021 மே 1க்குள் எல்லாப் படைகளும் வெளியேறும் என்றது ஒப்பந்தம். 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுதலை என்றது. பைடன் பதவியேற்ற 2021 ஜனவரியில் அங்கே மிச்சமிருந்த அமெரிக்கப் படையினர் 2,500 பேர்தான்.

அதற்கும் முன்னால் போங்கள். படையை அனுப்பியது ஜார்ஜ் புஷ், 2001 அக்டோபரில். இன்னும் 30,000 பேரை அனுப்புகிறேன் என்று 2009 டிசம்பரில் அறிவித்தது ஒபாமா. அப்போது துணை அதிபராக இருந்து அதை எதிர்த்தவர், இதே பைடன். தான் நான்காவது அதிபர், ஐந்தாவது ஆளிடம் இதைத் தள்ளிவிட மாட்டேன் என்று 2021 ஏப்ரலில் அவர் சொன்னபோது, அதில் உண்மையான ஒரு துணிச்சல் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆக நாலு அதிபர்கள், ஏகப்பட்ட தளபதிகள், இருபது வருஷம். இத்தனை பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு வரும்? கல்யாண வீட்டில் பாயசம் தீய்ந்துபோனால் சமையல்காரர் அடுப்பைக் குறை சொல்வார், அடுப்புப் பார்த்தவன் கரண்டி போட்டவனைச் சொல்வான், அவன் பால் சரியில்லை என்பான். கடைசியில் பாயசம் தானே தீய்ந்துகொண்டது என்று முடியும்.

*

தமிழ் மீடியத்தில் காமர்ஸ் படித்தவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் சொத்துகள். இன்னொரு பக்கத்துக்குப் பெயர் என்ன? பொறுப்புகள். அதாவது, கொடுக்கவேண்டிய கடன். அங்கே பொறுப்பு என்பது பெருந்தன்மையான வார்த்தையே இல்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கவேண்டும். பதில் இல்லாமல் 'பொறுப்பு' என்று தலைப்பு மட்டும் எழுதிவைத்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இந்த மூன்று கேள்வியை அரசியல்வாதிகள் ஏற்கிற பொறுப்புக்கும் போட்டுப் பாருங்களேன்.

அந்த வெள்ளைக் கார் விவகாரத்தையே எடுப்போம். முதலில் அமெரிக்க முப்படைத் தளபதி மார்க் மில்லி அதை நியாயமான தாக்குதல் என்றார். பத்திரிகைக்காரர்கள் தோண்டித் துருவி, காரில் இருந்தது தண்ணீர் என்று எழுதினார்கள். 2021 செப்டம்பர் 17 அன்று ஜெனரல் ஃபிராங்க் மெக்கென்ஸி, இது தவறு, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். சபாஷ் என்றுதான் தோன்றியது. அந்த டிசம்பரில் பென்டகன் அறிவித்தது: இதற்காக யார் மேலும் நடவடிக்கை இல்லை.

முழுப் பொறுப்பு, ஆனால் நடவடிக்கை பூஜ்யம். லெட்ஜரில் தலைப்பு இருக்கிறது, தொகை இல்லை.

அதே மெக்கென்ஸி 2024 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன்னால், அபே கேட் சம்பவத்தின் முழு ராணுவப் பொறுப்பும் தன்னுடையது என்று சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பல பேர் அந்த அளவுகூடச் சொல்லவில்லை. ஆனால் சொன்னபோது அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதவியில் இல்லாதவர் ஏற்கிற பொறுப்பு, காலாவதியான செக்கில் போடும் கையெழுத்து மாதிரி. கையெழுத்து அசல்தான். பணம்தான் வராது.

*

பணம் கட்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் கதையையும் கேளுங்கள்.

ஸ்டூவர்ட் ஷெல்லர் என்று ஒரு லெஃப்டினென்ட் கர்னல், மரைன் படைப்பிரிவு. 17 வருஷ சர்வீஸ். இன்னும் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பென்ஷனோடு வீட்டுக்குப் போகலாம். அபே கேட்டில் குண்டு வெடித்த அன்றே, சீருடையோடு உட்கார்ந்து ஒரு வீடியோ போட்டார். எப்போதும் ஆஃப்கானிஸ்தானிலேயே இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாரையும் வெளியேற்றுவதற்கு முன்னால் பக்ராம் விமான தளத்தைக் காலி செய்வது தப்பு என்று மேலதிகாரிகளில் ஒருத்தராவது தன் பதவியைப் பணயம் வைத்துச் சொன்னீர்களா? இதுதான் அவர் கேட்டது.

பக்ராம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஃப்கானிஸ்தானிலேயே அமெரிக்காவின் பெரிய தளம். 2021 ஜூலை ஆரம்பத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற ஆஃப்கான் தளபதிக்கே அவர்கள் போன பிறகுதான் தெரியும். ராணுவம் உள்ளே போவதற்குள் கொள்ளைக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்கூடச் சாவியைக் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான்.

ஷெல்லர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், ராணுவச் சிறையில் கொஞ்ச நாள் வைத்தார்கள், 2021 அக்டோபரில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 5,000 டாலர் சம்பளப் பிடித்தம், ஒரு கண்டனக் கடிதம். டிசம்பரில் படையை விட்டு வெளியே வந்தார். பென்ஷன் போச்சு.

ராணுவத்தில் கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சீருடையோடு ஆளாளுக்கு வீடியோ போட ஆரம்பித்தால் அது ராணுவம் இல்லை. அவர் விதியை மீறினார், தண்டனை கிடைத்தது. இதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மொத்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பேர் செத்த தவறான தாக்குதலுக்குத் தண்டனை இல்லை. பொறுப்பு யாருக்கு என்று கேட்டவருக்குத் தண்டனை உண்டு. இந்த இருப்பாய்வு சமமாகிறதா?

*

சரி, ராஜினாமா செய்திருந்தால் தீர்ந்திருக்குமா?

2021 செப்டம்பரில் செனட் குழு முன் ஜெனரல் மில்லி இதற்குப் பதில் சொன்னார். 2,500 பேரையாவது நிறுத்திவையுங்கள் என்பது தன் கருத்து. அதை அரசு ஏற்கவில்லை. 'அப்புறம் ஏன் ராஜினாமா செய்யவில்லை?' என்று ஒரு செனட்டர் மடக்கினார். மில்லியின் பதில் யோசிக்கவைப்பது. தன் ஆலோசனையைக் கேட்கவில்லை என்பதற்காகத் தளபதி ராஜினாமா செய்தால், அது மக்கள் தேர்ந்தெடுத்த அரசை மிரட்டுவது மாதிரி. சாதாரணச் சிப்பாய் இந்த உத்தரவு பிடிக்கவில்லை என்று வேலையை விட்டுப் போகமுடியாது. நான் மட்டும் எப்படிப் போவது என்றார்.

தளபதிக்கு இது சரிதான். அமைச்சருக்கு?

இங்கே ஒரு சின்ன நாட்டைப் பார்க்கலாம். நெதர்லாந்து. காபூலிலிருந்து தங்களிடம் வேலை பார்த்த ஆஃப்கானியர்களைச் சரியாக மீட்கவில்லை என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. 2021 செப்டம்பர் 16 அன்று வெளியுறவு அமைச்சர் சிக்ரிட் காக் பதவி விலகினார். மறுநாள் பாதுகாப்பு அமைச்சர் அங்க் பைலவெல்டும் விலகினார். போரை நடத்திய பெரிய நாட்டில் இந்தக் காரணத்துக்காக ஒரு அமைச்சர் நாற்காலிகூடக் காலியாகவில்லை; ஓரமாகக் கூட நின்ற நாட்டில் இரண்டு.

கைதட்டுவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில் புது அமைச்சரவை அமைந்தது. அதில் சிக்ரிட் காக் நிதி அமைச்சர். நாலு மாத இடைவெளி. பள்ளிக்கூடக் கோடை விடுமுறையைவிடக் கொஞ்சம் அதிகம்.

அதனால் அந்த ராஜினாமா நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன். நாடாளுமன்றம் தவறு என்றது. அவர் வாதாடினார், பிறகு தலைவணங்கினார். அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ராஜினாமா என்பது ரசீது. கடன் வேறு. காபூலில் கதவுக்கு வெளியே நின்றுபோன மொழிபெயர்ப்பாளருக்கு, ஐரோப்பாவில் ஒரு அமைச்சர் நாலு மாதம் பதவியில் இல்லாததால் என்ன கிடைத்தது? யாருக்கு, எவ்வளவு, எப்போது. முதல் கேள்வியிலேயே இடிக்கிறது. அரசியலில் பொறுப்பு என்றால் வாக்காளருக்குப் பதில் சொல்வது என்று ஆகிவிட்டது. அபே கேட்டில் செத்த 170 பேருக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. கடன்காரன் பட்டியலிலேயே பெயர் இல்லாதவனுக்குக் கடன் எப்படி அடையும்?

*

இப்போது எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன். பலமான வாதம். நண்பர் ஒருவர், பேங்கில் வேலை பார்ப்பவர், என்னிடம் கேட்டார். 'ஏம்ப்பா, போரை ஆரம்பிச்சவன் தப்பிச்சான். இழுத்தடிச்சவன் தப்பிச்சான். முடிச்சுவெச்சவனைப் போட்டு அடிக்கிறீங்க. இப்படி அடிச்சா அடுத்தவன் எவனாவது முடிப்பானா?'

யோசித்துப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு நியாயம். சின்ன வயசில் பார்சல் கைமாற்றும் விளையாட்டு ஆடியிருப்பீர்கள். பாட்டு நிற்கும்போது யார் கையில் பார்சலோ அவர் அவுட். அந்த விதியைப் போருக்கும் வைத்தால், எந்த அதிபரும் பாட்டை நிறுத்தவே மாட்டார். சாவு தொடரும்; ஆனால் அது தினசரிச் சாவு, தலைப்புச் செய்தி ஆகாத சாவு. ஆஃப்கான் படையினரும் போலீஸாரும் மட்டும் இருபது வருஷத்தில் 66,000 பேருக்குக் குறையாமல் செத்தார்கள் என்கிறது பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வு. அமெரிக்காவுக்கு ஆன செலவு 2.3 டிரில்லியன் டாலர் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த 66,000 பேருக்காக யாரும் விசாரணைக் கமிஷன் கேட்கவில்லை. காரணம், யாரும் விமானத்திலிருந்து விழவில்லை.

அப்படியென்றால் பைடனை விட்டுவிடலாமா? இல்லை. விட்டுவிடுவதும் அடிப்பதும் என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைப்பதுதான் கோளாறு. அனாமத்தைத் தீர்க்கும் முறை என்ன? மொத்தமாகக் கிடக்கும் தொகையைப் பிரிப்பது. இது இந்தத் தலைப்பில், அது அந்தத் தலைப்பில். இங்கே குறைந்தது மூன்று தலைப்பு இருக்கிறது.

ஒன்று, தோற்றுக்கொண்டிருந்த போரை ஜெயிப்பதாகச் சொல்லி இருபது வருஷம் ஓட்டியது. 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்தது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே எடுத்து வைத்திருந்த பேட்டிகள். வெளியே முன்னேற்றம் முன்னேற்றம் என்று பேசிய அதிகாரிகள், உள்ளே இதற்கு எதிராகப் பேசியிருந்தார்கள். அந்தத் தணிக்கை அமைப்பு ஆஃப்கான் ராணுவத்தில் பேய்ச் சிப்பாய்கள் இருப்பதை வருஷக்கணக்காக எழுதியது. பேய் என்றால், சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறவர்கள். நம்ம ஊர் மஸ்டர் ரோல் சமாச்சாரம்தான். இந்தக் கணக்கு புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் நாலு பேர் பெயரிலும் ஏறவேண்டும்.

இரண்டு, தோஹா. ஆஃப்கான் அரசை வெளியே நிற்கவைத்து அதன் தலையெழுத்தை எழுதியது. அமெரிக்கப் படைகளோடு, ஆஃப்கான் விமானங்களைப் பழுதுபார்த்த ஒப்பந்தப் பணியாளர்களும் கிளம்பிவிட்டார்கள்; ஆஃப்கான் படை சரிந்ததற்கு அந்த வெளியேற்ற முடிவுதான் முதல் காரணம் என்று 2022இல் அதே தணிக்கை அமைப்பு எழுதியது. ஒப்பந்தம் டிரம்ப் பெயரில். அதைத் தொடர முடிவெடுத்தது பைடன் பெயரில்.

மூன்று, வெளியேறிய விதம். தேதி, பக்ராம், கதவுக்கு வெளியே நின்றவர்கள், வெள்ளைக் கார். இது பைடன் அரசு பெயரில் மட்டும்.

பிரித்து எழுதினால் யாரும் தப்ப முடியாது, யாரும் அடுத்தவர் பங்கைச் சுமக்கவும் வேண்டாம். ஆனால் நடந்தது என்ன? 2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட சுருக்கம் மூன்றையும் கலந்து டிரம்ப் பக்கம் தள்ளியது. 2024 செப்டம்பரில் நாடாளுமன்றக் குழுவின் குடியரசுக் கட்சியினர் வெளியிட்ட அறிக்கை மூன்றையும் கலந்து பைடன் பக்கம் தள்ளியது. இரண்டு பக்கமும் தொகை சமம். பார்க்க அழகாக இருக்கிறது.

*

'நடந்து முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் புத்தி சொல்லலாம்' என்பது இன்னொரு வாதம். இதற்கும் ஆடிட்டர் ஆபீஸில் பதில் இருக்கிறது. வியாபாரத்தில் நஷ்டம் குற்றமில்லை. நஷ்டத்தை லாபம் என்று எழுதுவதுதான் குற்றம். காபூல் இவ்வளவு சீக்கிரம் விழும் என்று கணிக்கத் தவறியதற்காக ஒரு அதிபரைக் கூண்டில் நிறுத்தக்கூடாது, உளவுத்துறைக்கே தெரியவில்லை. ஆனால் 2021 ஜூலை 23 அன்று பைடனும் கனியும் போனில் பேசியதை ராய்ட்டர்ஸ் பிறகு வெளியிட்டது. தாலிபானுக்கு எதிரான சண்டை சரியாகப் போகவில்லை என்ற எண்ணம் பரவுகிறது. உண்மையோ இல்லையோ, வேறு மாதிரிக் காட்டவேண்டிய தேவை இருக்கிறது என்ற பொருளில் பைடன் அதில் சொல்கிறார்.

உண்மையோ இல்லையோ. நட்பு நாட்டின் தெம்பைக் கூட்டச் சொன்ன வார்த்தை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்தத் தோற்றத்தை நம்பித்தானே எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் டைம் இருக்கிறது என்று காபூலில் உட்கார்ந்திருந்தார்கள்?

காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மண்ணில் உதாரணம் இருக்கிறது. சோவியத் படை 1979இல் உள்ளே போய் 1989 பிப்ரவரி 15 அன்று வெளியே வந்தது. சோவியத் தரப்பில் மட்டும் சுமார் 15,000 பேர் செத்தார்கள். 1989 டிசம்பரில் அவர்களுடைய மக்கள் பிரதிநிதிகள் சபை, படை அனுப்பிய முடிவு தார்மீக ரீதியாகவும் அரசியல் ரீதியாகவும் கண்டிக்கத்தக்கது என்று தீர்மானம் போட்டது. ஒரு வல்லரசு அப்படிச் சொன்னது பெரிய விஷயம். முடிவெடுத்தவர்கள் என்று சுட்டப்பட்டவர்கள் பிரெஷ்னேவ், உஸ்தினோவ், ஆந்த்ரோபோவ், குரோமிகோ. நாலு பேரும் அப்போது உயிரோடு இல்லை. கடைசியாகப் போன குரோமிகோ அந்த ஜூலையில்தான் இறந்திருந்தார். பொறுப்பு சுமத்த ஆள் கிடைத்தது. பொறுப்பு ஏற்க ஆள் இல்லை.

ரொம்ப தூரத்துக் கதை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. 1990 மார்ச்சில் திரும்பியது. 1,100க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரோடு வரவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் சுடப்பட்டுச் செத்தார்கள். படை சென்னை வந்து இறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. துறைமுகத்துக்கு யார் போனார், யார் போகவில்லை என்று இத்தனை வருஷம் பேசிய நாம், யார் எதற்காக அனுப்பினார், என்ன சொல்லி அனுப்பினார் என்று எவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம்? சோவியத் சபை போட்ட மாதிரி ஒரு தீர்மானம் நம் நாடாளுமன்றத்தில் வந்ததில்லை. சிப்பாயின் விதவைக்கும் பதில் இல்லை, யாழ்ப்பாணத்து நர்ஸின் குடும்பத்துக்கும் பதில் இல்லை. நம்ம லெட்ஜரிலும் அனாமத்து இருக்கிறது.

*

அந்த 4,312 ரூபாய் என்ன ஆனது என்று சொல்லவில்லையே.

ஏழெட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. ஒரு பித்தளைப் பட்டறைக்காரர் கடைக்கு அண்டா, குத்துவிளக்கு எல்லாம் கொடுத்திருந்தார். சரக்கு வந்ததைக் கொள்முதல் கணக்கில் எழுதியவர்கள், அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் கணக்கில் வரவு வைக்க மறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் ஏறியது, இன்னொரு பக்கம் ஏறவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மனிதர் இடையில் இரண்டு தடவை வந்து பணம் கேட்டிருக்கிறார். 'புக்கில் உங்க பேர்ல பாக்கி இல்லையே' என்று கடையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை நானே அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் காதிலும் விழுந்தது. நான் லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் கணக்குத்தான் சமமாகிவிட்டதே.

சீனியர்தான் அவரைத் தேடிப் போய்ப் பணத்தைக் கொடுக்கச் சொன்னார். போனேன். அவர் திட்டவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, 'நான் கேட்டப்ப நீங்களும் அங்கதானே தம்பி இருந்தீங்க?' என்று மட்டும் கேட்டார்.